மாசமாக இருக்கும்போது மூச்சு வாங்க நடக்கலாமா?

நடக்கலாம். சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் நடக்கத்தான் வேண்டும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வரும் கர்ப்பிணிகளில் பலர் இடுப்புவலிக்காக வருகிறவர்கள். கொஞ்சம் பேர் சுகர் கூடிவிட்டதால் டாக்டர் அனுப்பி வருகிறவர்கள். யாராக இருந்தாலும் முதலில் நான் கேட்பது, "தினமும் எவ்வளவு நடக்கிறீங்க?" என்றுதான். "வீட்டு வேலையிலேயே முதுகு ஒடியுது, இதுல நடக்க வேற செய்யணுமா?" என்று பதில் வரும். கூட வந்திருக்கும் மாமியாரும் விடமாட்டார். "நாங்க எல்லாம் வாக்கிங்குக்கா போனோம் மக்களே? குளத்துல இருந்து தண்ணி சுமந்தோம், நெல்லு குத்தினோம், புள்ளையும் பெத்தோம்."

அந்த மாமி சொல்வதில் ஒரு தப்பும் கிடையாது. இடுப்பில் குடத்தோடு குளக்கரை மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும். ஏரோபிக் பயிற்சி என்பது அதுதான். மருமகள் செய்வது மோட்டார் சுவிட்சைப் போடுவது, மிக்சியின் முன்னால் நிற்பது, மரச்சீனி தோலுரிப்பது, அடுப்படியில் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நிற்பது. இதில் களைப்பு வரும், கால் வீங்கும், ஆனால் இதயத்துடிப்பு கூடி அந்தக் கூடுதலில் நிற்காது. நாள் முழுக்க வேலை செய்து ஓய்ந்துபோகிறவர்களுக்கும் தனியாக நடை வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். முடிந்தால் அந்த வேலையில் பாதியை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். மரச்சீனி உரிக்கக் கணவருக்கும் கை உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கர்ப்பிணிகளுக்குச் சொன்ன அளவு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி. ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் 5 நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். அரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றில்லை. காலையில் 15, சாயங்காலம் 15 என்று பிரித்தாலும் போதும்.

எவ்வளவு வேகம்?

பலர் கையில் இப்போது வாட்ச் இருக்கிறது. "துடிப்பு 140-ஐத் தாண்டிட்டு, நிறுத்திட்டேன்" என்று வருகிறார்கள். அந்த 140-க்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 1985-ல், கர்ப்பிணியின் இதயத்துடிப்பு 140-ஐத் தாண்டக் கூடாது, கடினமான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது என்று சொன்னது. 1994-ல் அந்த எல்லையை அவர்களே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எண் மட்டும் இன்னும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடியிருக்கும். அதனால் துடிப்பை மட்டும் வைத்து உழைப்பை அளந்தால் கணக்கு தப்பும்.

மூச்சை வைத்து அளப்பதுதான் எளிது. என்னிடம் வந்த ஒருவர் சர்ச் கொயரில் பாடுகிறவர். நடக்கும்போது ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்துப் பார்ப்பார். வரி முழுவதையும் சுகமாகப் பாட முடிந்தால் வேகம் போதாது என்று எட்டிப்போடுவார். பாட்டு உடைந்து, ஆனால் பக்கத்தில் வரும் கணவரிடம் "பாலுக்காரருக்கு காசு குடுத்தாச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் அதுவே சரியான வேகம். கேள்வியே இரண்டு துண்டாக வந்தால் குறைத்துக்கொள்வார். இதைவிட நல்ல கருவி என்னிடமும் இல்லை. எண்ணாகத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு, உழைப்பை 6 முதல் 20 வரை நாமே மதிப்பிடும் போர்க் அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் 12 முதல் 14 வரை, அதாவது "கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு" என்று சொல்லத் தோன்றும் இடத்தில் நின்றால் சரி.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தில் சும்மா இருந்தாலும் கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மூச்சை ஆழமாக்குவதால் வருவது அது. நடக்கத் தொடங்கியபின் மூச்சு கூடுவது இயல்பு. எழுந்து நிற்பதற்கு முன்பே மூச்சுத் திணறினால் அன்றைக்கு நடை வேண்டாம், டாக்டரைப் பாருங்கள்.

அம்மாவுக்கு என்ன, பிள்ளைக்கு என்ன

கர்ப்பத்தில் அம்மாவின் ரத்த அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. இதயம் முன்பைவிட அதிக ரத்தத்தை ஒவ்வொரு நிமிடமும் தள்ளியாக வேண்டும். ஏரோபிக் பயிற்சி அந்த வேலைக்கு இதயத்தைப் பழக்குகிறது. பிரசவ வலி என்பது பல மணி நேர உழைப்பு. மூச்சு வாங்க உழைத்துப் பழகிய உடம்பு அதை வேறு மாதிரி தாங்கும்.

அடுத்தது சுகர். நம் ஆட்களுக்குக் கர்ப்ப கால சர்க்கரை வரும் வாய்ப்பு பொதுவாகவே கூடுதல். 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140-ஐத் தொட்டால் சுகர் என்று எழுதுகிறார்களே, அந்தச் சோதனை எல்லாருக்கும் தெரியும். தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இன்சுலினுக்குக் காத்திருக்காமலேயே இழுத்துக்கொள்ளும். சோறு சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடந்தால் எண் இறங்குவதற்கு இதுதான் காரணம். ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தக் கோளாறு, அளவுக்கு மீறிய எடை, மனச்சோர்வு எல்லாமே குறைவாக வருகின்றன. சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பும் ஓரளவு குறைகிறது. ஓரளவுதான். "இந்தப் பயிற்சியைச் செய்யுங்க, சுகப்பிரசவம் நிச்சயம்" என்று யூடியூபில் அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பிள்ளை எப்படித் திரும்பியிருக்கிறது, வலி எப்படிப் போகிறது என்பதெல்லாம் நம் காலில் இல்லை. மலச்சிக்கலும் தூக்கமும் சரியாவது மட்டும் எண்ணி ஒரு வாரத்திலேயே தெரியும். என்னிடம் வருகிறவர்கள் முதலில் சந்தோஷமாகச் சொல்வதும் அதைத்தான்.

பிள்ளைக்கு என்ன ஆகிறது? அம்மா வேகமாக நடக்கும்போது வயிற்றில் இருக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை கூடும். அம்மா ஓய்ந்து உட்கார்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். கருப்பைக்குப் போகும் ரத்தத்தில் ஒரு பங்கு அந்த நேரம் தசைகளுக்குத் திரும்பினாலும், மிதமான பயிற்சியில் நஞ்சு (பிளசென்டா) அதைச் சமாளித்துக்கொள்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் கிளாப் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கர்ப்பத்தின் தொடக்கத்தில் பயிற்சியை ஆரம்பித்த பெண்களுக்கு நஞ்சு நன்றாக வளர்ந்திருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் பயிற்சியால் கரு கலைவதோ குறைமாதத்தில் பிறப்பதோ கூடுவதில்லை. பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாவதும் குறைகிறது.

"கையைத் தூக்கினா கொடி சுத்திரும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் சொல்வார். கொடி கழுத்தில் சுற்றுவது பிள்ளை பனிக்குட நீருக்குள் உருள்வதால். பிறக்கும் நேரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பிள்ளைக்குச் சுற்றியிருக்கும், பெரும்பாலும் ஒரு தொந்தரவும் வராது. அம்மாவின் கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பெரியவர்களோடு இதை வைத்துச் சண்டை போடுவது வீண். நடக்கும்போது கையை முழங்கையில் மடக்கி முன்னும் பின்னும் வீசினாலே போதும், அதை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

யார் தொடங்கக் கூடாது

இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். இதய நோய், நுரையீரல் நோய், கருப்பை வாய்க்குத் தையல் போட்டவர்கள், நாலாம் மாதத்துக்குப் பிறகும் ரத்தப்போக்கு இருப்பவர்கள், பனிக்குடம் கசிந்தவர்கள், குறைமாத வலி வந்தவர்கள், கர்ப்பத்தில் பிரஷர் ஏறியவர்கள், கடுமையான ரத்தக்குறைவு உள்ளவர்கள் ஏரோபிக் பயிற்சியில் இறங்க வேண்டாம். இரட்டைப் பிள்ளை என்றால் டாக்டர் சொல்வதே முடிவு. 20 வாரம் வாக்கில் எடுக்கும் ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கு" என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்குக் கருப்பை வளர வளர அது மேலே போய்விடும். மறுபடி ஸ்கேன் எடுத்து மேலே ஏறிவிட்டது என்று தெரிகிறவரை வேகநடையைப் பற்றி டாக்டரிடம் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யோ, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, கூட்டத்தில் டாக்டரிடம் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். "நான் எக்சர்சைஸ் செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "மெதுவா நடம்மா" என்று பொதுவாகத்தான் பதில் வரும். நஞ்சு எங்கே இருக்கிறது, எச்.பி. (ஹீமோகுளோபின்) எவ்வளவு, கருப்பை வாய் நீளம் சரியா, மூச்சு வாங்கும் வேகத்தில் அரை மணி நேரம் நடக்கலாமா என்று துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

எங்கே நடப்பது

நம் மாவட்டத்தில் இது பெரிய கேள்வி. கிழக்கே அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் தரை சமம், வயலுக்கு நடுவே சானல்கரை (வாய்க்கால்கரை) உண்டு, காலையில் நல்ல காற்று. கரை அகலமாக, கப்பியோ தாரோ போட்டதாக இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. மழைக்குப் பிறகு சேறாகக் கிடக்கும் கரையில் கால் வைக்காதீர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டு வாசலிலேயே மேடு தொடங்கிவிடும். ஏற்றத்தில் நடப்பதில் தவறில்லை, மெதுவாக ஏறினாலே வேண்டிய மூச்சு வந்துவிடும். இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடம்பின் பாரம் முன்பக்கம் போகும், மூட்டுகளின் தசைநார்களும் தளர்ந்திருக்கும். இறக்கத்தில் சறுக்கினால் பிடித்து நிற்பது கஷ்டம்.

ரப்பர் தோட்டத்துக்குள் நிழல் இருக்கிறது என்று போகாதீர்கள். தை, மாசியில் உதிர்ந்த சருகு மெத்தையாகக் கிடக்கும், அடியில் குழி இருந்தால் தெரியாது. கொசுவும் விடாது. சொத்தவிளை, முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் கடற்கரையில் நடக்க ஆசைப்படுவார்கள். உலர்ந்த மணலில் கால் புதையும். அலை நனைத்த மணல் கெட்டியாக இருந்தாலும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே நடக்கும், அரை மணி நேரத்தில் இடுப்பெலும்பு வலிக்கத் தொடங்கும். ஏற்கெனவே இடுப்புவலி உள்ளவர்களைக் கடற்கரைச் சாலையிலேயே நடக்கச் சொல்கிறேன். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் வீசும் காற்று ஆளைத் தள்ளும், அந்த ஒரு மாதம் மதில் மறைவில் நடங்கள்.

எனக்குப் பிடித்த இடம் பள்ளிக்கூட மைதானம், இல்லாவிட்டால் சர்ச் வளாகம். சமதளம், வண்டி வராது, களைத்தால் உட்காரத் திண்டு உண்டு. தெருநாய் உள்ள ஊரில் தனியாகப் போகவேண்டாம். கடிப்பதைவிட, திடுக்கிட்டு விழுவதுதான் எனக்குப் பயம்.

நேரம் காலை ஆறு முதல் ஏழு. கடலோரத்தில் ஈரக்காற்றால் வேர்வை உலராது, உடம்பு குளிராது. உடம்புச் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடக் கூடாது, முதல் மூன்று மாதம் குறிப்பாக. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட வெக்கை இருக்கும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நடப்பதுதான் நம் ஊர் வழக்கம். ஆறாம் மாதத்துக்கு அப்புறம் குனிந்தால் நம் பாதம் நமக்கே தெரியாது, நைட்டியின் கீழ்மடிப்பு கால்விரலில் மாட்டும். சுடிதார் போடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்போ ஷூவோ போதும். மாலையில் பாதம் வீங்கும் என்பதால் ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

எப்படித் தொடங்குவது

இதுவரை நடந்து பழகாதவர்கள் முதல் வாரம் 10 நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்தடுத்த வாரங்களில் ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டி 30-க்குக் கொண்டுவாருங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக. நடுவில்தான் பல்லவி உடையும் வேகம். திடீரென்று நிற்காதீர்கள், கால்களில் ரத்தம் தேங்கித் தலை சுற்றும். முன்பே ஓடியவர்கள், பேட்மின்டன் ஆடியவர்கள் கேட்பார்கள். ஓட்டத்தை டாக்டர் ஒப்புக்கொண்டால் தொடரலாம். பந்து வயிற்றில் படுகிற, திடீரென்று திரும்ப வேண்டிய விளையாட்டுகளை ஒதுக்கி வையுங்கள். சைக்கிள் என்றால் நகராத ஸ்டாண்டு சைக்கிள். நீச்சல் உடம்புக்கு மிக நல்லது, தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் பாசி பிடித்த குளப்படியும் இழுப்புள்ள சானலும் அதற்கு இடமில்லை.

ஆனியிலும் ஐப்பசியிலும் மழை நம்மை விடாது. அப்போது சிட்அவுட்டிலோ ஹாலிலோ செய்யலாம். நின்ற இடத்திலேயே முட்டியை இடுப்பளவு தூக்காமல் பாதியளவு தூக்கி நடை 3 நிமிடம். வலப்பக்கம் இரண்டு எட்டு, இடப்பக்கம் இரண்டு எட்டு, 3 நிமிடம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாசலின் தாழ்ந்த ஒரு படியில் ஏறி இறங்குவது 2 நிமிடம், பாதியில் காலை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் குத்துவிடுவது போல மாற்றி மாற்றிக் கைநீட்டல் 2 நிமிடம். இது 10 நிமிடம். இரண்டு சுற்று செய்தால் நல்ல வேர்வை வரும். குதிக்க வேண்டாம். சாரல் அடித்த டைல்ஸ் தரையைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள், சாக்ஸ் மட்டும் போட்டு நிற்காதீர்கள்.

வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். அரை மணி நேரம் முன்பு ஒரு மட்டிப்பழம் போதும். முடித்துவிட்டு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடித்தால் போன நீரும் உப்பும் திரும்பிவிடும். சுகர் உள்ளவர்களுக்கு இந்த இரண்டும் பொருந்தாது. அவர்கள் சாப்பாட்டுக்குப் பின் நடக்கட்டும், தண்ணீரே குடிக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கையில் இரண்டு மிட்டாய் வைத்திருக்கட்டும். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்பதை அப்படியே எடுக்காதீர்கள். நாலாம் மாதத்திலிருந்து கூடுதலாக வேண்டியது ஒரு நாளைக்கு சுமார் 350 கலோரி. ஏத்தன்பழ வறுவலில் அது எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துவிடும் தெரியுமா?

ஐந்தாம் மாதத்துக்கு அப்புறம் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை விட்டுவிடுங்கள். கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரும். சட்டென்று திரும்பும்போது அடிவயிற்றின் ஓரத்தில் சுருக்கென்று இழுத்தால் அது பெரும்பாலும் கருப்பையைத் தாங்கும் தசைநார் இழுபடுவதுதான். வேகத்தைக் குறைத்தால் போகும். முன்பக்க இடுப்பெலும்பு வலித்தால் எட்டைச் சின்னதாக்குங்கள், படியேறுவதை நிறுத்துங்கள்.

ஏழாம் மாதச் சடங்கு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனதும் பலருக்கு நடை நின்றுவிடுகிறது. "மக்கா, நீ இங்க வந்தது கிடந்து எழும்பத்தானே" என்று அம்மா பாயை விரித்துவிடுவார். கூட்டிப்போகும் அம்மாக்களிடம் நானே பேசிவிடுகிறேன்: "அம்மா, மகளுக்குக் கருப்பட்டிக் காப்பியெல்லாம் குடுங்க, ஆனா காலையில அரை மணி நேரம் அவகூட நீங்களும் வாங்க." அம்மாக்களில் பலருக்கே சுகர் இருக்கும். கடைசி மாதத்தில் வேகம் தானாகக் குறையும், குறையட்டும். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் நடங்கள், போன் கையில் இருக்கட்டும்.

உடனே நிறுத்த வேண்டியவை

ரத்தம் பட்டால், நீர் கசிந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தால், தலை சுற்றினால், கடுமையான தலைவலி வந்தால், நெஞ்சு வலித்தால், நடையில் தடுமாற்றம் வந்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். வீட்டுக்கு நடந்து திரும்பவேண்டாம், 108-ஐயோ வீட்டாரையோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயிற்சி முடிந்து ஓய்வெடுத்தபின் பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகு

சுகப்பிரசவம் என்றால் சில நாளிலேயே வீட்டுக்குள் மெதுநடை தொடங்கலாம். சிசேரியன் என்றால் ஆஸ்பத்திரியிலேயே எழுப்பி நடக்கவைப்பார்கள், அது ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. வேகநடைக்கு ஆறாவது வாரப் பரிசோதனையில் டாக்டர் சரி சொல்ல வேண்டும். மிதமாக நடந்தால் தாய்ப்பால் வற்றாது. மார்பு கனக்காமல் இருக்கப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால், பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று விட்டுவிடாமல் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். இடுப்புக்கூட்டின் அடித்தசைக்கான பயிற்சியில் பெரும்பாலும் சரியாகிவிடும்.